உடன் செல்லும் பிள்ளைகள்

"பிள்ளைக்குத் தனியாப் பாஸ்போட்டு வேணுங்களா, கிராணி?"

மலாயாவில் ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் சின்னக் கிராணியாக, கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்தபோது என்னிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். ரப்பர் விலை அடியோடு விழுந்து, ஆட்களைக் குறைத்து, கூட்டம் கூட்டமாக ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம். உண்மையைச் சொன்னால் பாஸ்போர்ட் என்கிற அட்டை போட்ட புத்தகம் துரைமார்களுக்கும் பட்டணத்து வியாபாரிகளுக்கும்தான். தோட்டத்து ஜனத்துக்கு ஒரே ஒரு தாள். அதில் குடும்பத் தலைவன் பெயர், மனைவி பெயர், அங்க அடையாளம், அம்மை குத்திய தழும்பு எந்தக் கையில் என்பதெல்லாம் எழுதி, அடியில் 'உடன் செல்லும் பிள்ளைகள்' என்று நாலு வரி விட்டிருக்கும். அந்தத் தாளையும் அவர்கள் பாஸ்போட்டு என்றுதான் சொன்னார்கள். நானும் திருத்தவில்லை.

"வேணாம். தாய் தகப்பன் தாள்ல பேரு இருந்தாப் போதும்" என்பேன். கேட்டவர் முகம் தெளிந்துவிடும். இவ்வளவு சுலபமான பதிலைச் சொல்ல முடியாமல் நான் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்தது ஒரே ஒரு பிள்ளையின் விஷயத்தில்தான். அதற்குக் காரணமான அம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. பெரட்டில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் எடுக்கும் புத்தகத்தில் காலைதோறும் நான் எழுதிய பெயர்தான். கண்ணை மூடிக்கொண்டுகூட எழுதுவேன். ஆனால் வேறொரு புத்தகத்தில் அந்தப் பெயரை எழுதி நான் செய்த வினையே எனக்குப் போதும்.

தொழிலாளர் வீட்டு வரிசைகளில், மூன்றாம் லயத்தில் இருந்தார். பால்மரம் வெட்டுகிறவர், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர். நாற்பதைத் தாண்டிய வயது, குட்டையான உருவம், கத்தி பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை. புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஆறு பிள்ளை பெற்று ஆறும் உயிரோடு இருந்தன. மலைக்காய்ச்சல் வாரிக்கொண்டு போன அந்த நாளில் அது சாதாரணமில்லை. மற்றப் பெண்கள் அவரைப் பார்க்கிற பார்வையிலேயே அது தெரியும். பேச்சு குறைவு. பேசினால் அதற்கு மாற்றுக் கிடையாது. லயத்தில் யாராவது எதையாவது உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் அவர் பெயரைச் சொல்லி, "அவங்க சொன்ன மாதிரின்னு வச்சுக்க" என்பார்கள்.

தோட்டத்துச் சாமான் கடைக்காரர் ஒரு தடவை வாய்க்கொழுப்பில் இந்த அம்மாவின் கூடையைக் கிளறிப் பார்த்து, தேங்காய் ஒன்று கூடுதலாக இருக்கிறதே என்றார். அந்த அம்மா தேங்காயைத் திருப்பி வைத்துவிட்டு, "இனிமே உன் கடைப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். அதோடு அரிசி பருப்புக்கு ரெங்கம் கடைத்தெருவரைக்கும் நடைதான். இரண்டு வருஷம் கழித்துப் பெருமழையில் ஆறு ஏறிக் கடைக்குள் தண்ணீர் புகுந்தது. லயமே திரண்டு போய் மூட்டைகளைத் தூக்கிற்று. இவரும் வந்தார். தொடையளவு தண்ணீரில் படிக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே இருந்து நீட்டுகிற மூட்டையை வாங்கி மேட்டில் கொண்டுபோய் வைத்தார்.

"உள்ள வந்து தூக்கும்மா, எல்லாம் நனையுது!" என்று கடைக்காரர் அலறினார்.

"உள்ள வர மாட்டேன்னு சொல்லிருக்கேன்ல. நீ தூக்கி இங்க குடு."

நாங்கள் எல்லாரும் தண்ணீரில் நின்றபடியே சிரித்தோம். கடைக்காரரும் சிரித்தார். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த மூட்டைக்குக் கையை நீட்டினார்.

இன்னொரு தடவை, மரத்திலிருந்து கிளை விழுந்து காலை ஒடித்துக்கொண்ட ஒரு தனிக்கட்டைக்கு, "நீ எந்திரிச்சு நடக்கற வரைக்கும் கஞ்சி நான் தர்றேன்" என்று சொல்லிவிட்டார். அந்த மகாராசன் கால் கூடிய பிறகும் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்தில் கஞ்சி வந்தால் எவன் எழுந்திருப்பான்? அவன் நொண்டவில்லை என்று ஊருக்கே தெரியும். இவருக்கும் தெரியும்.

"அவன் ஏமாத்துறான்மா" என்றேன்.

"ஏமாத்தட்டும். நடக்கற வரைக்கும்னு சொல்லிட்டேன். அவன் நடக்க மாட்டேங்குறான்" என்று தூக்குச் சட்டியோடு போனார். கடைசியில் ஆட்களை வேலைக்கு விரட்டுகிற தண்டல் பிரம்போடு போய்த்தான் அவனை நடக்க வைத்தார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம். மூத்த மகள் விஷயத்தைச் சொல்லிச் சிரிக்க முடியாது. அவளைச் செடெனாக் என்ற ஊரில் ஒருவனுக்குக் கொடுப்பதாக வெற்றிலை மாற்றியிருந்தார். கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் மாப்பிள்ளை கள்ளுக்கடையில் தன் அண்ணன் மனைவியையே அடித்தவன் என்று செய்தி வந்தது. சொந்த மகன்களே வேண்டாம் என்று மன்றாடினார்கள். "வெத்தல மாத்தியாச்சு" என்றார். கல்யாணம் நடந்தது. வருஷம் திரும்புவதற்குள் அந்தப் பெண் உதடு கிழிந்து வந்து நின்றது. நாலு நாள் வைத்திருந்து, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, கோழி அடித்துப் போட்டு, ஐந்தாம் நாள் தானே ரயிலேற்றிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, இது நியாயமா?" என்று கேட்டேவிட்டேன்.

"நியாயம்னு நான் சொல்லலீங்களே. குடுத்துட்டேன்னுதான் சொன்னேன்."

அன்றிலிருந்து அவர்மேல் எனக்கு இருந்த மரியாதையோடு கொஞ்சம் பயமும் சேர்ந்துகொண்டது.

அவருக்கு அடுத்த அறையில் முனியனும் அவன் மனைவி செல்லம்மாவும் இருந்தார்கள். செல்லம்மா மூன்று பிள்ளை பெற்றாள். ஒன்றுகூட முதல் வருஷத்தைத் தாண்டவில்லை. நாலாவதாக ஓர் ஆண் பிறந்தது. பிள்ளை தக்காத வீட்டில் பிறந்ததைத் தவிட்டுக்கு விற்பது நம் ஜனத்தின் வழக்கம். முறத்தில் பிள்ளையைக் கிடத்தி, பிள்ளைப் பாக்கியம் உள்ள ஒருத்தியிடம் கொடுத்து, அவளிடம் ஒரு படி தவிடு வாங்கிக்கொள்வார்கள். பிறகு எமன் வந்து செல்லம்மா பிள்ளை எங்கே என்று தேடினால் அங்கே அப்படி ஒரு பிள்ளை இல்லை. எமனிடம் சொல்கிற பொய் அது. வாய் தவறாத ஒருத்தி சொன்னால்தான் எடுபடும். செல்லம்மா வேறு யாரிடம் போவாள்?

தவிட்டுக்குத்தான் திண்டாட்டம். எங்களுக்கு அரிசி தீட்டியே வந்தது. பக்கத்துக் கிராமத்தில் பன்றி வளர்த்த ஒரு சீன முதலாளியிடம், தவ்கேயிடம், போய்க் கேட்டு வாங்கி வந்தார்கள். ஆறு பிள்ளை பெற்ற அந்த அம்மா ஏழாவதாக ஒன்றை முறத்திலிருந்து எடுத்துக்கொண்டார். தவிட்டான் என்று பெயர் வைத்தார்கள். பால் குடித்தது செல்லம்மாவிடம், தூங்கியதும் அவளிடம்தான். ஆனால் யார் கேட்டாலும் பிள்ளை அந்த அம்மாவுடையது. பேச்சு வந்ததும் அவரை ஆத்தா என்றும் பெற்றவளை அக்கா என்றும் கூப்பிடப் பழக்கினார்கள். ஐந்து வயது முடிகிற நாளில் முனியாண்டி கோயிலில் வைத்துத் திருப்பிக் கொடுப்பதாகப் பேச்சு. அதுவரை இரண்டு பெண்களும் உண்மையை வாயால் சொல்லக் கூடாது.

பிறப்பைப் பதிய முனியனும் அந்த அம்மாவும் ஆபீசுக்கு வந்தார்கள்.

"பிள்ளை யாருது?" என்று கேட்டேன்.

"என்னுதுங்க" என்றார் அந்த அம்மா. முனியன் தலையைக் குனிந்துகொண்டான்.

எனக்குத் தெரியாதா? தெரியும். லயத்துக்கே தெரியும். எங்கள் வீட்டில் மாலையானால் ஜெபமாலை. இந்தத் தவிட்டுக் கதையெல்லாம் எனக்கு வேடிக்கை. சாப்பாட்டு நேரம் வேறு நெருங்கிவிட்டது. உள்ளதை எழுத வேண்டுமானால் இருவரையும் உட்காரவைத்து வாதாட வேண்டும். சொன்னதை எழுதினால் ஒரு நிமிஷம். தகப்பன் என்ற இடத்தை வெறுமனே விட்டு, தாயார் என்ற இடத்தில் அந்த அம்மாவின் பெயரை அழகான கையெழுத்தில் எழுதினேன். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்களே, அந்த எழுதினவன் நான்தான்.

நாலரை வருஷம் அந்தப் பிழை புத்தகத்துக்குள் சும்மா கிடந்தது. பையன் தக்கிவிட்டான். கொழுகொழுவென்று வளர்ந்து பால் வாளிகளை உருட்டிக்கொண்டு திரிந்தான். அப்புறம்தான் ஆள் குறைப்பு வந்தது. முனியனுக்கு நெஞ்சில் கோளாறு; மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும். அவன் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது. போக மாட்டேன் என்றால் வேலையும் கிடையாது, வீடும் கிடையாது. ஒரு நாள் காலை வந்து வாசலில் நின்று எல்லாரும் கேட்பதையே கேட்டான்.

"பிள்ளைக்குத் தனியாப் பாஸ்போட்டு வேணுங்களா, கிராணி?"

வேணாம் என்று வாய்வரை வந்துவிட்டது. பிறகு புத்தகம் ஞாபகத்துக்கு வந்தது. எடுத்துப் புரட்டினேன். என் கையெழுத்து என்னைப் பார்த்தது.

முனியனின் தாளில் பையன் பெயரைத் துணிந்து எழுதி அனுப்பிப் பார்த்தேன். ஜொகூர் பாருவில் கப்பல் தாள்களைச் சரிபார்க்கிற ஆபீசிலிருந்து அது திரும்பி வந்தது. பிறப்புப் பதிவில் தாய் வேறு. சம்பந்தப்பட்ட இரண்டு பெண்களும் பிள்ளையோடு நேரில் வந்து சொல்ல வேண்டும் என்று சிவப்புப் பென்சிலில் எழுதியிருந்தது. சொன்னால் திருத்திக்கொள்ளலாம். நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தேன். இரண்டு வார்த்தையில் முடிகிற காரியம்.

ரயிலில் போகும்போது அந்த அம்மாவிடம் சொன்னேன். "என் பிள்ளை இல்லைன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா. பையன் தாய் தகப்பனோட கப்பலேறிடுவான்."

"அஞ்சு முடிய இன்னும் நாலு மாசம் கெடக்குங்க."

"நாலு மாசத்துல கப்பல் காத்திருக்குமா? இப்பவே திருப்பிக் குடுத்துடுங்க. சாமி கோவிச்சுக்காது."

"சாமிகிட்ட நான் அஞ்சுன்னு சொல்லிருக்கேன். நடுவுல என் வாயால இல்லைன்னு சொன்னா பிள்ளை தங்காது, கிராணி. மூணு போனது பத்தாதா?"

எதிரே உட்கார்ந்திருந்த செல்லம்மா இதைக் கேட்டுக்கொண்டுதான் வந்தாள். மடியில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் தலைமுடியை விரலால் கோதிக்கொண்டே இருந்தாள்.

ஆபீசில் சொங்கோ தொப்பி போட்ட ஒரு மலாய் அதிகாரி. நல்ல மனுஷர். பிள்ளையைப் பார்த்ததும் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து குனிந்து பேசினார். அவருக்குத் தமிழ் தெரியாது, இவர்களுக்குக் கடைத்தெரு மலாய்தான். இடையில் நான். முதலில் பையனையே கேட்டார். உன் அம்மா யார், காட்டு. அவன் பழக்கியபடி அந்த அம்மாவைக் காட்டினான். அடுத்து அந்த அம்மாவைக் கேட்டார். "ஆமாங்க, என் பிள்ளைதான்" என்றார், குரலில் ஒரு அசைவும் இல்லாமல்.

அதிகாரி செல்லம்மாவைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். அதே மூக்கு, அதே காது. எந்தக் குருடனுக்கும் தெரியும். அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இந்தப் பெண் தன் பிள்ளை என்று சொன்னால் போதும், நான் பார்த்துக்கொள்கிறேன்."

நான் செல்லம்மாவிடம் திரும்பினேன். "இந்தப் பிள்ளை உன்னுதான்னு கேக்குறாரு. ஆமான்னு சொல்லு, செல்லம்மா. அது போதும்."

அவள் பையனையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாய் திறந்தது. மூடியது. முனியன், "சொல்லு புள்ள" என்று இருமினான். அவள் கண்ணில் நான் அன்று பார்த்தது பயம். போன மூன்று பிள்ளைகளும் அந்த அறையில் வந்து நின்றதுபோல ஒரு பயம்.

"இல்லைங்க" என்றாள். "அவங்க பிள்ளை."

அந்த அறையில் அவள் சொன்னது புரிந்தும் மலாயில் பேசத் தெரிந்தும் இருந்தவன் நான் ஒருவன்தான். ஆமாம் என்கிறாள் என்று நான் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எந்தச் சாமியும் மலாயில் ஒட்டுக் கேட்டுக்கொண்டு நின்றிருக்காது. இதை நான் எத்தனையோ தடவை நினைத்து நினைத்து மாய்ந்துபோயிருக்கிறேன். ஆனால் உள்ளதை உள்ளபடி மொழிபெயர்க்கிறவன் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. "புக்கான், துவான்" என்றேன். இல்லையாம், ஐயா. அவர் பெருமூச்சு விட்டுப் பையன் பெயரைக் கோடிட்டு அடித்தார்.

அந்த அம்மாவின் பிடிவாதத்தைப் பற்றி அதற்குப் பிறகு நான் யாரிடமும் குறை சொல்லவில்லை. சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அவர்கள் புறப்பட்ட அன்று ரெங்கம் ஸ்டேஷனுக்கு நானும் போயிருந்தேன். செல்லம்மா தன் சேலை ஒன்றை மடித்து அந்த அம்மாவிடம் கொடுத்தாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அஞ்சு முடிஞ்சதும் நானே கொண்டாந்து உன் கையில குடுப்பேன். வேற யார் கையிலயும் இல்ல, உன் கையில" என்றார். அதைக் கேட்டதும் செல்லம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"அவங்க சொல்லிட்டாங்கள்ல, கிராணி. வந்துரும்."

ரயில் நகர்ந்தபோது பையன் கையை ஆட்டினான். "போயிட்டு வாக்கா!" என்றான். முனியன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

அடுத்த நாலு மாதம் நான் அந்த அம்மாவைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். பையன் சாப்பிட்ட பிறகுதான் பேரப்பிள்ளைகளுக்குச் சோறு. வேலைக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, திரும்பும்போது அவனைத்தான் முதலில் தூக்குவார். ஒரு நாள் குழாயடியில் அவனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். துவட்டி முடித்த பிறகும் அவனை விடாமல் துண்டோடு கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது எனக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்தது. பிள்ளையை வைத்துக்கொள்ளத்தான் இத்தனை நாடகமோ? வார்த்தை, சாமி, ஐந்து வயது எல்லாம் அதற்குத்தானோ? இப்படி நினைத்ததற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். ஆனால் நினைத்தேன்.

ஐந்து முடிந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. காலைப் பூசைக்கு லயமே முனியாண்டி கோயிலில் கூடியிருந்தது. நான் சற்றுத் தள்ளி மரத்தடியில் நின்றேன். செல்லம்மாவின் சேலையைத் தரையில் விரித்து, பையனைக் குளிப்பாட்டிப் புதுச் சட்டை போட்டு அதன்மேல் உட்காரவைத்தார். பக்கத்தில் ஒரு படித் தவிடு. "என் பிள்ளை இல்ல. செல்லம்மா பிள்ளை. அவ பிள்ளைய அவகிட்ட குடுத்துட்டேன்" என்று மூன்று தடவை உரக்கச் சொன்னார். மூன்றாவது தடவை குரல் கரகரத்தது. சொல்லி முடித்ததும் பையனிடம், "இனிமே உங்கம்மா ஊர்ல இருக்கா. செல்லம்மாதான் உங்கம்மா" என்றார். அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். என் சந்தேகம் அங்கேயே செத்தது.

திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்தார். வீட்டில் இருந்த இரண்டு பசுவையும் விற்றுக் கப்பலுக்கு ஏற்பாடு செய்திருந்தார்.

"எழுதுங்க கிராணி. நானும் செல்லம்மா பிள்ளையும்."

எனக்குச் சந்தோஷம். "அப்ப ஒரு வம்பும் இல்லம்மா. புத்தகத்துல உங்க பிள்ளைன்னுதானே இருக்கு. உங்க தாள்ல 'உடன் செல்லும் பிள்ளை'ன்னு எழுதிடறேன். அங்க கேட்டா ஆமான்னு சொல்லிடுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

"என் பிள்ளை இல்லைங்களே. வெள்ளிக்கிழமை குடுத்துட்டேனே."

எனக்குத் தலையில் இடி விழுந்தது. நான் சொல்லிப் பார்த்தேன். பதிவைத் திருத்தப் பெற்றவளும் நேரில் வரவேண்டும். அவள் கடலுக்கு அப்பால். ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தனித் தாள் கொடுக்க மாட்டார்கள். ஊருக்குப் போகிற வேறு யாரோடும் அனுப்ப முடியாது. அவர்கள் தாளில் அவன் பெயர் ஏறாது. இந்தப் பூமியில் அவனைக் கப்பலேற்றக்கூடிய ஒரே தாள் அவர் பெயரில் உள்ளதுதான். அதற்கு அவர் என் பிள்ளை என்று வாயால் சொல்லியாக வேண்டும்.

"பூசையை ஊருக்குப் போய் அங்க வச்சிருக்கக் கூடாதாம்மா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

"சொன்ன நாள்ல செய்ய வேணாமா?"

"பிடிச்ச முயலுக்கு மூணே காலும்பீங்களா?"

அவர் ஆபீஸ் வாசற்படியில் போய் உட்கார்ந்தார். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். துரை அவரைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார். வெயில் ஏறி இறங்கிற்று. நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோதும் அங்கேயே இருந்தார். கடைசியில் எழுந்து உள்ளே வந்தார்.

"வேற தாளே கெடையாதுங்களா?"

"கெடையாதும்மா."

"உன் கையில குடுப்பேன்னு செல்லம்மாகிட்ட சொல்லிருக்கேன். என் பிள்ளை இல்லைன்னு சாமிகிட்ட சொல்லிருக்கேன்." கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்தார். "ரெண்டுல ஒண்ண நானே கொல்லணும். அப்படித்தானே?"

ஆமாம் என்றேன்.

"எழுதுங்க."

ஜொகூர் பாருவில் அதே அதிகாரி. எங்களை ஞாபகம் வைத்திருந்தார். இந்தத் தடவை தாளும் புத்தகமும் ஒத்துப்போயின. அவருக்கு வேலையே இல்லை. சிரித்துக்கொண்டு சும்மா ஒரு முறைக்காகக் கேட்டார். உங்கள் பிள்ளைதானே?

மொழிபெயர்த்தேன். அந்த அம்மா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் பையன் முந்திக்கொண்டு, "எங்கம்மா ஊர்ல இருக்காங்க. செல்லம்மாதான் எங்கம்மா" என்றான், பாடம் ஒப்பிப்பதைப் போல.

என்ன சொல்கிறான் என்றார் அதிகாரி.

"கப்பலைப் பார்க்க வேணுமாம், துவான்" என்றேன்.

எனக்குப் பொய் சொல்ல வந்தது. இவ்வளவு சுலபமாக வந்தது. நாலு மாதத்துக்கு முன்னால், இதே இடத்தில் நின்று, இது வராமல் போயிற்றே என்று எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஆனால் அதிகாரி இன்னும் அந்த அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா வாய் திறந்துதான் ஆக வேண்டும். அவர் பையனைத் தன் பக்கம் இழுத்து, அவன் இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டார்.

"என் பிள்ளைதாங்க" என்றார்.

முத்திரை விழுந்தது. வெளியே வந்ததும் நேராகக் குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தார். திரும்பத் திரும்பக் கொப்பளித்தார். முந்தானை முழுக்க நனைந்துவிட்டது. பையன் தனக்கும் தண்ணீர் வேணும் என்றான். அவனுக்குக் கையில் பிடித்துக் கொடுத்தார். சிங்கப்பூருக்கு நான் கூடவே போய்க் கப்பலேற்றி விட்டேன். ஏணியில் ஏறும்போது பையனை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டார். நடக்கத் தெரிந்த பிள்ளைதான்.

திரும்பிவர அவருக்குத் தாள் எழுதிக் கொடுத்திருந்தேன். மகன்கள் இங்கே இருந்தார்கள். பல மாதம் கழித்து ஒரு நாள் பெரட்டில் வந்து தனியாக நின்றார். இளைத்திருந்தார். நான் புத்தகத்தை மூடிவிட்டு ஓடினேன்.

"பையன்?"

"நல்லாருக்கான். செல்லம்மா கையிலதான் குடுத்தேன்."

"முனியன்?"

"நான் போறதுக்கு முன்னாடியே செத்துப்போயிட்டான்."

"பையனச் சாமி ஒண்ணும் செய்யல பாத்தீங்களா!" என்றேன், என் பாரம் இறங்கிய சந்தோஷத்தில். அவர் கத்தியை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போனார்.

லயத்துக்கு மெல்ல மெல்லத்தான் புரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி சாயங்காலம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டால், "பாக்கலாம்" என்றார். நாளைக்கு ஆற்றோர மரங்களுக்கு வருவீங்களா என்று கங்காணி கேட்டால், "பாக்கலாம்" என்றார். கேட்டவர்கள் விழித்தார்கள். அவர் வருவார், செய்வார்; முன்னைப்போலவே எல்லாம் செய்தார். ஆனால் செய்வேன் என்று அவர் வாயிலிருந்து வராது.

செல்லம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. ஊரில் யாரோ எழுதிக் கொடுத்தது. நான்தான் படித்துச் சொன்னேன். தவிட்டானுக்குக் காது குத்தப் போகிறேன், ஆத்தா மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவேன், நீங்கள் வருகிற வரைக்கும் காத்திருக்கிறேன், வருவேன் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள் என்று இருந்தது. இரண்டாம் தடவையும் படிக்கச் சொன்னார். படித்தேன். நான் பதில் எழுதத் தாளை எடுத்துப் பேனாவை மையில் தொட்டேன்.

"என்னன்னு எழுதட்டும்மா? வருவேன்னா, வர முடியாதுன்னா?"

அவர் தாளைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். கோபமே இல்லாத குரலில் சொன்னார்:

"என்னை ஏன் கேக்குறீங்க, கிராணி? எதையாச்சும் எழுதுங்க. நீங்க எழுதுறதுதானே நிக்குது."

சொல்லிவிட்டு, வேலைக்கு நேரமாகிறதென்று படியிறங்கிப் போனார்.